பின்கதவு இருந்த இடம்

சமையலறையை இடித்துக் கட்ட வேண்டும் என்ற யோசனை எனக்கு ரயிலில்தான் வந்தது. எனக்கு எல்லா யோசனையும் ரயிலில்தான் வரும். தங்க வயலிலிருந்து காலையில் பெங்களூருக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிற ஜென்மம் நான். உட்கார இடம் கிடைத்தால் உட்கார்ந்துகொண்டு போன் பார்ப்பேன், கிடைக்காவிட்டால் நின்றுகொண்டு பார்ப்பேன். யார் யார் வீட்டுச் சமையலறைகளோ அதில் பளபளவென்று வந்துகொண்டே இருக்கும். பங்காருபேட்டை தாண்டுவதற்குள் என் வீட்டிலும் கிரானைட் மேடை, சிம்னி, இழுத்தால் சத்தமில்லாமல் வருகிற டிராயர் என்று மனதுக்குள் எல்லாவற்றையும் மாட்டி முடித்திருப்பேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதே கரி பிடித்த சுவர், அதே நாற்பது வாட்ஸ் பல்பு. எரிச்சலாக வரும்.

எங்களுடையது சுரங்கக் காலத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. முன்னறை, நடு அறை, கடைசியில் சமையலறை, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக. சமையலறையின் பின்கதவைத் திறந்தால் சந்து. எங்கள் பக்கத்தில் முன்வாசல் என்பது போதகருக்கும் தபால்காரருக்கும் பெண் பார்க்க வருகிறவர்களுக்கும்தான். லைனில் இருக்கிறவர்கள் பின்பக்கமாகத்தான் வருவார்கள். தட்டுகிற வழக்கமே கிடையாது. காலையில் எடுத்த தாழ்ப்பாளை ராத்திரிதான் போடுவார்கள். நடுவில் யாராவது, “இன்னா கொழம்பு?” என்று கேட்டுக்கொண்டே வந்து சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். நான் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது அப்பா சுரங்கத்துக்குள் இறந்துபோனார். இப்போது அம்மாவுக்கு எழுபது நெருங்குகிறது, சர்க்கரையும் இருக்கிறது. பகல் முழுக்கத் தனியாக இருப்பவளை அந்தப் பின்கதவை நம்பித்தான் விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அத்தை அந்த வழியாக வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருப்பாள். அம்மா மயங்கி விழுந்தால் அத்தை கண்ணில் படாமல் போகாது. இல்லையென்றால் என்னால் ரயிலில் கால் வைத்திருக்க முடியாது.

ஆகவே என் திட்டத்தில் பின்கதவுக்குத்தான் முதல் மரியாதை. நடு அறைக்கும் சமையலறைக்கும் இடையில் இருக்கும் சுவரை எடுத்துவிட்டு இரண்டையும் ஒன்றாக்குவது, பின்கதவை அகலமாக்கிக் கண்ணாடி போடுவது. வெளிச்சமும் வரும், சந்தில் போகிறவர்களுக்கு அம்மாவும் தெரிவாள். இதை அம்மாவிடம் போனில் படம் காட்டி விளக்கினேன். அம்மா படத்தைப் பார்க்கவே இல்லை.

“நீ இன்னா வேணா பண்ணிக்கோ. அந்தப் பின்கதவ மட்டும் செவுரு வெச்சி மூடிடு.”

“இன்னாத்துக்கும்மா?”

“சைனைடு மேட்டுத் தூசியெல்லாம் அது வழியாத்தான் வருது.”

தங்கம் பிரித்தெடுத்த பிறகு சுரங்கத்தில் கொட்டி வைத்த மண்மேடு அது. காற்றுக் காலத்தில் அந்த மேட்டுத் தூசி ஊர் முழுக்கத்தான் பறக்கும், அம்மாவின் சட்டிக்கு என்று தனியாக வருவதில்லை. கண்ணாடிக் கதவில் தூசி வராது என்றேன். பூனை வரும் என்றாள். சாத்தி வைத்தால் பூனை எப்படி வரும் என்றேன். எலி என்றாள். இப்படியே பாம்பு வரைக்கும் போனோம். மூடினால் காற்று எப்படி வரும் என்று கேட்டதற்கு, மேலே ஒரு ஜன்னல் போதும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்தவள் மாதிரிச் சொன்னாள். எதற்கும் பிடிவாதம் பிடிக்காதவள் இதற்கு மட்டும் அசையவில்லை. எனக்கு மண்டை காய்ந்தது. உனக்கு ஏதாவது ஆனால் பகலில் யார் பார்ப்பார்கள் என்று கத்தினேன். ஒண்ணும் ஆகாது என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

வேலையை ஆரம்பித்தால் வழிக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். மேஸ்திரி நடுச்சுவரை எடுத்தார். மறுநாள் பின்கதவை நிலையோடு பெயர்த்தார். அப்போதும் சண்டை தீரவில்லை.

“யம்மா, ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க. கண்ணாடியா, செவுரா?” என்று மேஸ்திரி கேட்டார்.

“கண்ணாடி” என்றேன் நான். “செவுரு” என்றாள் அம்மா.

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீ குடிக்க உட்கார்ந்துவிட்டார்.

அம்மா முன்னறையில் ஒற்றை அடுப்பை வைத்துத் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நடுச்சுவர் இல்லாததால் முன்னறையிலிருந்து சந்து வரைக்கும் நேராகத் தெரிந்தது. இத்தனை வருடமாக அம்மா அடுப்படியில் பின்கதவைப் பார்த்துக்கொண்டே சமைத்தவள். அறையில் இருக்கிற எனக்கு அவள் முதுகுதான் தெரியும். அன்றைக்கு நான் செங்கல் குவியல் பக்கம் நின்றிருந்தேன். அவள் முகம் எனக்கு நேர் எதிரே இருந்தது.

அத்தை வழக்கம்போலக் குரல் கொடுக்காமல் கதவு இருந்த ஓட்டை வழியாக, இடிந்த கல்லையெல்லாம் தாண்டி, குழம்புப் பாத்திரத்தோடு உள்ளே வந்தாள். அம்மா நிமிர்ந்தாள். அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. வெங்காயம் கையிலிருந்து உருண்டது. அடுத்த கணமே, “வா அக்கா” என்று சிரித்துவிட்டாள். ஆனால் நான் பார்த்துவிட்டேன், பயந்தும் போனேன்.

“இன்னாம்மா ஆச்சு? தலை சுத்துதா?”

“ஒண்ணும் இல்ல. வெயிலு கண்ணுல பட்டுது.”

அத்தை பாத்திரத்தை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் மேஸ்திரியைப் பார்த்தாள்.

“மேஸ்திரி, நீ செவுரே வெச்சிடுப்பா.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நீங்களுமா அத்தை? உங்கள நம்பித்தானே நான் வேலைக்குப் போறேன்!”

“முன்னாடி சுத்திகினு வரேன். காலு நல்லாத்தான் கீது.” அத்தை செங்கல் மேல் உட்கார்ந்தாள். “உங்கப்பா சாவ சொல்றதுக்கு இந்த வழியாத்தான் வந்தேன் நானு. உனக்கு யாரும் சொல்லலையா?”

எனக்கு யாரும் சொல்லவில்லை. பாறை வெடித்துச் சரிந்தது, எங்கள் ஊரில் அதை ஏர் பிளாஸ்ட் என்பார்கள், அதில் அப்பா போனார் என்பது மட்டும் தெரியும்.

“ஒரே ஷிப்டு ரெண்டு பேரும். எங்க வூட்டுக்காரரு கேஜ் லிப்டுல மேல வந்துட்டாரு. உங்கப்பா வரல. ஆபீஸ் ஆளு முன்வாசல்ல வந்து நிக்கறதுக்கு முந்தி நீ போயி சொல்லிடுன்னு என்ன அனுப்பிச்சாரு. உங்கம்மா சோறு வடிச்சிகினு இருந்தா. நான் வாயே தொறக்கல. என் மூஞ்சியப் பாத்தே புரிஞ்சிகினா.” அத்தை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். “அதுலருந்து நான் எப்ப உள்ள வந்தாலும் இவ மூஞ்சி ஒரு செகண்டு செத்துப்பூடும். அப்புறந்தான் சிரிப்பா. கிறிஸ்மஸ் கேக்கு எடுத்துகினு வந்தாலும் அப்படித்தான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு கீறா.”

அம்மா தலையைத் தூக்கவில்லை. “உன்ன வராதன்னு சொல்லல அக்கா. நீ வரணும். அந்த வழிதான் வேணாம்.”

“இத்தன வருஷம் ஏம்மா வாயத் தொறக்கல?” என்றேன்.

“சொன்னா அக்கா வரத நிறுத்திடுவா. அப்புறம் எனக்கு யாரு கீறா?”

எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. மேஸ்திரி டீ டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு சிமென்ட் குழைக்க எழுந்துவிட்டார். நான் அவரைத் தடுக்கவில்லை.

சுவர் எழும்பியது. மேலே ஒரு ஜன்னல், கீழே மேடை, மேடையில் புது அடுப்பு. அம்மா இப்போது சுவரைப் பார்த்துச் சமைக்கிறாள். நான் ரயிலில் இருப்புக் கொள்ளாமல் மணிக்கொரு தரம் போன் செய்கிறேன். சிங்க் அடைத்துக்கொண்டது, டிராயரில் கை மாட்டிக்கொண்டது என்று அவளும் என்னிடம் சொல்ல ஏதாவது ஒரு குறையைத் தயாராக வைத்திருக்கிறாள். கண்ணாடிக் கதவு படம் வந்தால் மட்டும் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுவேன்.

சுவர் பூசிக் காய்ந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தோம். முன்வாசலில் மணி அடித்தது, விடாமல் அடித்தது. அம்மா ஈரக் கையோடு போய்க் கதவைத் திறந்தாள். வெளியே அத்தை, விரலை மணியின் மேல் அழுத்தி வைத்தபடி நின்றிருந்தாள்.

“கைய எடு அக்கா, நான் இன்னா செவுடா?” என்று அம்மா திறந்த உடனே சிரித்துவிட்டாள்.

அத்தை கையை எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருக்க, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.