கிறிஸ்ரோபர் தன் படத்துக்கு முன்னால் நின்ற சனிக்கிழமை

ஏர்னெஸ்ட்டுக்கு நாலு வருசமாய் ஒரு மனக்குறை. கொழும்புத்துறைக் கரையில் யாரைக் கேட்டாலும், "கடலைக் கரைச்சுக் குடிச்சவன் கிறிஸ்ரோபர்" என்றுதான் சொல்வார்கள். வள்ளத்தின் முன்னுக்குக் குந்தியிருந்து வழி சொல்லுகிறவன் ஏர்னெஸ்ட் என்பது ஒருத்தருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. அந்தோனியார் மேல் சத்தியம் வாங்கி வைத்திருந்தான் கிறிஸ்ரோபர், ஏர்னெஸ்ட்டின் அக்காவைக் கட்டினவன்.

விசயம் இதுதான். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு கிறிஸ்ரோபரின் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தின்றுவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் அசைந்தால் நிழலாய்த் தெரியும், அவ்வளவுதான். தகப்பன் செத்த கிழமையே, பதினாலு வயதில், வள்ளம் ஏறினவன். மூன்று தரம் இடம்பெயர்ந்து மூன்று தரமும் வெறுங்கையோடு திரும்பி வந்து, கூரை போட முன்னம் வலை வாங்கினவன். பெண்சாதி போனபிறகு கடல்தான் அவனுக்குத் துணை. மகள் ஜெயனி மானிப்பாயில் கலியாணம் முடித்து இருக்கிறாள், தாதி வேலை. ஞாயிறு மட்டும் வருவாள். அவளுக்குத் தெரிந்தால் அன்றைக்கே வள்ளத்தை வித்துப்போடுவாள்.

கடலில் அவனுக்கு ஒரு தடங்கலும் இல்லை. "வாடைப்பக்கம் வலைத்தடி நிக்குது", "சோழகப்பக்கம் திருப்பு" என்று ஏர்னெஸ்ட் முன்னுக்கிருந்து சொல்லுவான். வடக்கு வாடை, தெற்கு சோழகம். முகத்தில் அடிக்கிற காற்றை வைத்துத் திசை பிடித்து, கிறிஸ்ரோபர் கம்பை ஊன்றி வள்ளத்தைத் தள்ளுவான். கடற்காரனுக்கு இடமும் வலமும் எதுக்கு?

இப்படியிருக்க, றொசாந்தி என்று படம் கீறுகிற பிள்ளையொருத்தி வந்து கிறிஸ்ரோபரை வள்ளத்தோடு வரைந்தாள். படம் யாழ்ப்பாண ரவுணில் ஓவியக்கூடத்தில் தொங்கியது. சனிக்கிழமைகளில் அங்கே ஒரு நிகழ்ச்சி: படத்தில் இருக்கிற ஆளே படத்துக்கு முன்னால் நின்று வந்த சனத்தோடு கதைக்கவேணும். கிறிஸ்ரோபர் மாட்டன் என்றான். ஜெயனி விடவில்லை. "நானும் லீவு போட்டுட்டு வாறன் அப்பா" என்றாள். அதோடு அவன் ஏர்னெஸ்ட்டைக் கூப்பிட்டனுப்பினான்.

வியாழக்கிழமை ஏர்னெஸ்ட் தனியே போய்ப் படத்தைப் பார்த்து வந்து, அதில் உள்ளதைப் பாடமாக்கிக் கொடுத்தான். நீல வள்ளம், கையில் கம்பு, தலையில் துவாய்.

"நீயும் இருக்கிறியோ மச்சான்?"

"நான் எங்கை? நீ தனியத்தான்."

கிறிஸ்ரோபர் கையை நீட்டி மச்சானின் தோளைத் தேடிப் பிடித்தான்.

"கதவாலை உள்ளிட்டு நேரை பத்தடி. படம் வடக்குச் சுவரிலை. நான் வாடை எண்டுவன், நீ திரும்பு."

சனிக்கிழமை நாற்பது பேர் வந்திருந்தார்கள். கிறிஸ்ரோபரின் கை ஏர்னெஸ்ட்டின் தோளில். பார்க்கிறவனுக்கு அது சிநேகிதம். உள்ளங்கை வேர்த்து ஏர்னெஸ்ட்டின் சேட் நனைந்துபோயிற்று.

"என்னப்பா, பொம்பிளை பார்க்க வந்தவர் மாதிரி நடுங்கிறியள்?" என்றாள் ஜெயனி.

பத்தடி முடிந்தது. "வாடைப்பக்கம்" என்றான் ஏர்னெஸ்ட், உதடு அசையாமல். அந்த நேரம் பார்த்து, "அண்ணை, போட்டோ எடுக்கிறம், நீங்கள் கொஞ்சம் விலகுங்கோ" என்று கூடத்துப் பிள்ளை ஒன்று அவனை அப்பால் தள்ளிவிட்டது.

உள்ளே ஏசி ஓடியது. கிழக்குச் சுவரிலிருந்து குளிர்காற்று கிறிஸ்ரோபரின் கன்னத்தில் அடித்தது. மார்கழி வாடையும் அப்படித்தான் குளிரும். காற்றுக்கு முகம் கொடுத்துத் திரும்பி, நெஞ்சை நிமிர்த்தி நின்றான். அவனுக்கு முன்னால் தொங்கியது, ரெண்டு ஆடு தேர்தல் நோட்டிஸ் தின்கிற படம்.

"இதிலை நிக்கிறது நான்தான்" என்றான் உரத்து. "அந்தப் பிள்ளை உள்ளதை உள்ளபடி கீறியிருக்குது. முகத்தைப் பாருங்கோ."

கூடம் அதிரச் சிரிப்பு.

"ஐயா நல்ல பகிடிக்காரன்!"

"எந்த ஆடு ஐயா நீங்கள், தாடி வைச்சதோ?" என்றார் ஒரு மாஸ்ரர்.

கிறிஸ்ரோபருக்கு விளங்கிவிட்டது. கெட்டிக்காரன், தானும் சிரித்தான். "தாடி வைச்சது உவன், என்ரை மச்சான்" என்று பக்கத்தில் கையை நீட்டினான்.

நீட்டின இடத்தில் ஏர்னெஸ்ட் இல்லை. ஒரு வெறுங்கதிரைதான் கிடந்தது. சனம் இன்னும் சிரித்தது. ஜெயனி சிரிக்கவில்லை.

கிட்ட வந்து தகப்பனின் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தாள். கண் பிந்தித்தான் அசைந்தது.

"எத்தினை நாளாய்?"

"நாலு வருசம், பிள்ளை."

"மாமாவுக்குத் தெரியும், என்ன?"

ஏர்னெஸ்ட் கிட்ட வந்து தலையாட்டினான்.

"ரெண்டு பேரும் கடலிலை செத்திருப்பியள்." அவள் தகப்பனின் கையை இறுக்கிப் பிடித்தாள். "திங்கட்கிழமை கிளினிக். இனி வள்ளம் இல்லை. விளங்கிச்சுதோ?"

"ஓம்."

அப்படியொரு சின்ன 'ஓம்' அவன் வாயிலிருந்து வந்து ஏர்னெஸ்ட் கேட்டதில்லை. ஓட்டோ பிடிக்க ஜெயனி வெளியே போனாள். கிறிஸ்ரோபர் சுவரைத் தடவப் போனான். "தொடாதேங்கோ ஐயா" என்றான் காவலாளி. கையை மடக்கிக்கொண்டான்.

"ஏர்னெஸ்ட், இஞ்சை எத்தினை படம் தொங்குது?"

"முப்பது வரும்."

"அவள் வாறதுக்கிடையிலை துவங்கு. ஒவ்வொண்டாய்ச் சொல்லு, மச்சான். ஒண்டையும் விட்டுப்போட்டுப் போகாதை."