இல்லை என்று சொன்ன திரை

ஜொகூர் பாருவில், அரிய ரத்த வகை உள்ளவர்களின் பட்டியலைப் பராமரிக்கும் ஒரு சிறிய தொண்டுக் குழுவுக்குச் சனிக்கிழமைகளில் கணினி வேலை செய்து கொடுப்பேன். அங்கே முழுநேரமும் இருப்பவர் ஓய்வு பெற்ற தாதி ஒருவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அன்று காலை மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. மாலை அறுவை சிகிச்சைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு பாம்பே வகை ரத்தம் வேண்டும். அந்த வகைக்காரருக்கு வேறு எந்த ரத்தமும் சேராது.

எங்கள் தரவுத்தளத்தில் இதற்கென்றே ஒரு ‘வியூ’ இருந்தது. வியூ என்றால் பெயரிட்டுச் சேமித்த ஒரு கேள்வி, அவ்வளவுதான். அதற்குள் தகவல் கிடையாது. கூப்பிடும்போதெல்லாம் மற்ற அட்டவணைகளைப் புரட்டி, அந்த நொடிக்கான பதிலைக் கொண்டுவந்து காட்டும். முந்தைய வாரம்தான் எல்லாவற்றையும் புதிய சர்வருக்கு மாற்றியிருந்தேன். பெயரைத் தட்டினேன். அப்படி ஒன்று இல்லை என்றது திரை.

“அலமாக், போச்சா? புதுசா ஒன்னு எழுதிடு லா, தங்கச்சி.”

“இருங்கக்கா. உண்மையிலேயே இல்லையான்னு முதல்ல கேட்டுப் பாக்குறேன்.”

தரவுத்தளம் தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று தானே ஒரு பட்டியல் வைத்திருக்கும். வியூக்களுக்குத் தனிப் பட்டியல். அதில் அந்தப் பெயரைத் தேடச் சொன்னேன். ஒரே ஒரு வரி வந்தது. வியூ இருந்தது, நான் வழக்கமாகத் தேடாத இன்னொரு பிரிவுக்குள் போயிருந்தது, அவ்வளவுதான்.

அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று திறந்து பார்த்தேன். எனக்கு முன் இருந்தவர், நான் பார்த்தே இராத ஒருவர், கொடையாளர் அட்டவணையோடு நின்றுவிடவில்லை. அவர்களின் உடன்பிறந்தவர்களையும், முகாம்களில் ரத்தம் சோதிக்கப்பட்டும் ஒருமுறைகூடக் கொடுக்காதவர்களையும் சேர்த்திருந்தார். அண்மையில் கொடுத்தவர்களை விலக்கியிருந்தார். புதிதாக எழுதியிருந்தால் கொடையாளர்களை மட்டும்தான் தேடியிருப்பேன். அந்தப் பட்டியலில் இருந்த பாம்பே வகைக்காரர் இருவருமே போன மாதம்தான் கொடுத்திருந்தார்கள்.

வியூவை ஓட்டினேன். சாஆ என்ற ஊரில் ஒரு பெண். அந்த இருவரில் ஒருவரின் தங்கை; முன்பே சோதித்ததில் அதே வகை.

அக்கா ஃபோனில் ஸ்பீக்கரைப் போட்டு அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னார்.

“என் ரத்தம் அவங்களுக்குச் சேருமா?”

“உங்களோடதுதான்மா சேரும்.”

“அப்படின்னா வீட்டுக்காரரை வண்டி எடுக்கச் சொல்றேன். இப்பவே வர்றோம்.”

மதியத்துக்குள் வந்து ரத்தம் கொடுத்தார். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று இரவு ஒன்பது மணிக்குத் தகவல் வந்தது. அக்கா நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

அந்தத் தங்கை ரத்தம் கொடுத்த தேதியைப் பதிந்துவிட்டு வியூவை மறுபடி ஓட்டினேன். யாரும் அதை மாற்றி எழுதவில்லை. ஆனாலும், அண்மையில் கொடுத்தவர் வரிசையில் அவரும் சேர்ந்துவிட்டதால், அது வெறுமையாக வந்தது. இந்த நொடியில் கூப்பிட ஒருவரும் இல்லை. அந்த வெற்றுத் திரையிலிருந்து கண்ணை எடுக்க எனக்கு வெகுநேரமானது.