மயிலாப்பூரில் நீமா வாங்கிய முதல் திட்டு

எங்கள் பொறியியல் கல்லூரிக்கு வருகிற ஆகஸ்டில் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து ஐந்து மாணவர்கள் வருகிறார்கள். கோவில்பட்டிக்குப் பக்கத்தில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கும் கல்லூரி. இதுவரை எங்களிடம் வந்த அதிகபட்ச வெளியூர்க்காரர் தர்மபுரிப் பையன்தான். செய்தி வந்த அன்றே முதல்வர் 'வெளிநாட்டு மாணவர் நலக்குழு' ஒன்றை அமைத்தார். குழுவில் நான் ஒருத்திதான். என்னிடம் பாஸ்போர்ட் இருக்கிறது என்பது தகுதி. அதை வைத்துக்கொண்டு ஒரே ஒரு முறை இலங்கைக்குப் போய் வந்தேன், அதுவும் அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு.

அனுபவமுள்ள இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை ரயில் ஏறினேன். என்னைப் போல் இப்படிக் குழுக்களில் மாட்டிவிடப்பட்ட ஆசிரியர்கள் நாலு பேராவது இதைப் படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் விவரமாகவே எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை 5.50க்கு மாம்பலத்தில் இறங்கினேன். எழும்பூர் வரை போக வேண்டாம், அடையாறு போகிறவர்களுக்கு இதுதான் பக்கம். ஆட்டோவுக்கு 220 ரூபாய், ஏழு கிலோமீட்டர், அந்த நேரத்தில் இருபது நிமிடம். அடையாறில் தோழி கல்பனா வீடு. என்னோடு எம்.இ. படித்தவள், தென்சென்னையில் ஒரு கல்லூரியில் சிவில் துறையில் இருக்கிறாள். அங்கே வெளிநாட்டு மாணவர்கள் ஆறு வருடமாகப் படிக்கிறார்கள். அவர்களுடைய அலுவலகத்தையும் விடுதியையும் காட்டு என்று கேட்டிருந்தேன். அதெல்லாம் ஒரு மணி நேர வேலை, அதற்குப் பதில் ஒரு மாணவியோடு ஒரு முழு நாள் இருந்து பார் என்று சொல்லிவிட்டாள்.

மாணவியின் பெயர் நீமா. சொந்த ஊர் தான்சானியாவின் டொடோமா, மூன்றாம் ஆண்டு சிவில். 7.40க்கு அடையாறு டிப்போவில் எனக்காக நின்றிருந்தாள். நான் ரயிலில் ஒத்திகை பார்த்த ஆங்கிலத்தை எடுத்துவிட்டேன். அவள் சிரித்துவிட்டு, "இன்னா மேடம், சீக்கிரம் ஏறுங்க, பஸ் கெளம்புது" என்றாள். ஷேர் ஆட்டோவிலும் பழக்கடையிலும் கற்ற தமிழ். கல்லூரிக்குள் யாரும் அவளோடு தமிழில் பேசுவதில்லையாம், இவள் வாயைத் திறந்ததும் எல்லோரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்களாம். 29சி பேருந்து, பிங்க் முகப்பு, எங்கள் இருவருக்கும் கட்டணம் இல்லை. நடத்துநர் அவளிடம் எதுவும் விசாரிக்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுத்து, வழியில் நிற்காமல் உள்ளே போகச் சொன்னார். மயிலாப்பூர் குளம் வரை ஐந்து கிலோமீட்டர், 25 நிமிடம்.

குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில்தான் அவள் குழுவின் களப்பணி. சென்னையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு விஷயம் தெரியும். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிது போட்டுப் போட்டு, தெரு உயர்ந்து வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. இந்தச் சந்தின் 22 வீட்டு வாசல்களும் சாலையைவிட எவ்வளவு கீழே இருக்கின்றன என்று அளப்பதுதான் திட்டம். ஒரு வீட்டு அம்மா எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். "ரோடு மட்டும் மேல மேல போயிண்டே இருக்கு. மழை பெஞ்சா ஆத்துக்குள்ள முழங்கால் தண்ணி" என்றார். நல்ல திட்டம், எங்கள் பிள்ளைகளுக்கும் இப்படி ஒன்று கொடுக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

குழுவில் நீமாவோடு மூன்று பையன்கள். தலைவன் தினேஷ், சைதாப்பேட்டைப் பையன். முக்காலி மேல் வைக்கும் மட்டக்கருவியில் ஒருவன் கண் வைத்துப் பார்க்க, தினேஷ் அளவுக் கம்பத்தை வாசல் வாசலாகப் பிடிக்க, மூன்றாமவன் கணக்குப் போட்டான். நீமாவுக்கு? தினேஷ் இஸ்திரிக் கடையில் கேட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி நிழலில் போட்டிருந்தான். "யூ சிட், சிஸ்டர்" என்றான். அவள் கையில் அன்னாசி ஜூஸ். அறிக்கையை நல்ல ஆங்கிலத்தில் எழுதுவது மட்டும் அவள் வேலை. எனக்கு மனது குளிர்ந்துவிட்டது. என்ன மரியாதை, என்ன அக்கறை. நோட்டில் 'விருந்தோம்பல் மிகச் சிறப்பு' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

9.45க்குச் சந்தின் கடைசி வரை அளந்து முடித்தார்கள். அப்போதுதான் எங்கள் கல்லூரி மலருக்கு ஒரு படம் எடுக்கலாம் என்று தோன்றியது. நீமா, கருவிக்குள் பார்ப்பது போல் நில்லம்மா என்றேன். நின்றாள். பார்வை தெளிவாக இருக்கிறதா என்று பேச்சுக்குக் கேட்டேன். எல்லாம் மங்கலாக இருக்கிறது என்றாள். எந்தத் திருகைத் திருகினால் தெளியும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பதினேழு வருடம் நில அளவைப் பாடம் எடுத்தவள் நான், எனக்குத் திக்கென்றது.

"போட்டோவுக்கு மட்டும்தான் மேடம் நான் இதுகிட்ட நிப்பேன்" என்றாள். கல்லூரியின் எல்லாக் கையேட்டிலும் அவள் படம் இருக்கிறது. இரண்டரை வருடத்தில் நாலு களப்பணி, நாலிலும் முழு மதிப்பெண், ஒன்றில்கூடக் கருவியைத் தொட்டதில்லை. கேட்டுப் பார்த்திருக்கிறாள். உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்று அன்பாகவே மறுத்திருக்கிறார்கள். ஜூனில் அவள் ஊர்க் குடிநீர்த் துறையில் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். கருவியைக் கையில் கொடுத்து, அளந்து காட்டச் சொல்வார்கள். அந்த இடம் கிடைத்தால் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை, கிடைக்காவிட்டால் படிப்பை முடித்துவிட்டுப் புதிதாகத் தேட வேண்டும். விண்ணப்பத்தில் நாலு களப்பணி செய்ததாக எழுதியிருக்கிறாள். அது பொய்யுமில்லை.

தினேஷைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் முகம் வாடிவிட்டது. "நம்மள நம்பி அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துகீறாங்க மேடம். வெயில்ல நிக்க வெச்சா நல்லாவா கீது?" என்றான். அவன் சொன்னதில் பொய் துளியும் இல்லை. கெட்டவன் என்று யாராவது இருந்திருந்தால் எனக்குத் திட்டச் சுலபமாக இருந்திருக்கும்.

அளந்தவர்கள் அப்படியே திரும்பி அளந்துகொண்டு கிளம்பிய இடத்துக்கு வர வேண்டும். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால்தான் வேலை சரி. திரும்பும் அளவை நீமா எடுக்கட்டும் என்றேன். சொல்லிவிட்டு நானே முக்காலியை விரித்து, மட்டக் குமிழியைச் சரிசெய்யக் குனிந்தேன். நீமா என் கையை மெதுவாக விலக்கினாள். "மேடம், நீங்க போய் அந்த சேர்ல உக்காருங்க" என்றாள். போய் உட்கார்ந்தேன். வேறு வழி இல்லை.

முதல் முறை கருவியை மட்டமாக நிறுத்தவே 25 நிமிடம் ஆனது. குமிழி ஒரு பக்கம் ஓடும், இவள் மறுபக்கம் திருகுவாள். கை பரபரக்க உட்கார்ந்திருந்தேன். 11.30க்குக் கிளம்பிய இடத்துக்கு வந்தார்கள். கணக்குப் பார்த்தால் பத்து சென்டிமீட்டர் உதைக்கிறது. எங்கே தப்பு என்று தெரியாது, திரும்பும் அளவு முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டும். தினேஷுக்கு ஒரு மணிக்கு தி.நகரில் துணிக்கடை வேலை, சனி ஞாயிறு மட்டும். தாமதமானால் மேற்பார்வையாளர் முகத்தில் அடித்தாற்போல் பேசுவாராம்.

கம்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தான். "இன்னா பண்ணிக்கினு இருந்த நீ? கண்ண எங்க வெச்சுக்கினு படிச்ச? ஒரு மணிக்கு நான் கடையில நிக்கணும், தெரியும்ல?"

நான் பதறி எழுந்தேன். நீமா அசையவில்லை. "நீ கம்பத்த நேரா புடிச்சியா? ஆட்டிக்கினே இருந்த. உன் அளவு மட்டும் கரெக்ட்டா?"

"என்னுது கரெக்ட்டுதான். வா, திரும்ப எடுக்கலாம். இந்த தபா படிக்கிறத சத்தமா சொல்லு."

எடுத்தார்கள். இடையிடையே சண்டையும் நடந்தது. மற்ற இரு பையன்களும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். ஆங்கிலம் எப்போது போனது என்றே தெரியவில்லை. தப்பு நீமாவுடையதுதான், ஓர் இடத்தில் ஒரு கட்டம் தள்ளிப் படித்திருக்கிறாள். இந்த முறை வித்தியாசம் நாலு மில்லிமீட்டர், அது பரவாயில்லை. மணி 12.35. தினேஷ் கருவியைப் பெட்டிக்குள் வைத்து அவள் தோளில் மாட்டிவிட்டு, கல்லூரியில் நீயே கொண்டுபோய்க் கொடு என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்கு ஓடினான்.

மாலை மாம்பலத்தில் மின்ரயில் பிடித்தேன், தாம்பரத்துக்குப் பத்து ரூபாய். அங்கிருந்து ஊர் ரயில். நோட்டில் அடிக்கோடு போட்டதை அடித்துவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அலுவலகம் பார்க்கப் போகாதீர்கள், அங்கே படங்கள்தான் இருக்கும். காலை எட்டுக்குள் களத்துக்குப் போய்விடுங்கள், தொப்பி அவசியம். வெளிநாட்டுப் பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள், கடைசியாக எந்தக் கருவியைத் தொட்டாய் என்று கேளுங்கள். எங்கள் கல்லூரியில் ஐந்து பேருக்கும் உதவிக்கு ஆளுக்கு இரண்டு மாணவர்கள் என்று முதல்வர் பட்டியல் போட்டிருந்தார். அதை நீக்கச் சொல்லி, ஆய்வக வேலைப் பட்டியலில் அவர்கள் பெயரை மற்றவர்களோடு கலந்து எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் கோபித்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது.

போன வாரம் டொடோமாவிலிருந்து நீமாவின் குரல்பதிவு வந்தது. பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள் என்பதைக் கடைசியில்தான் சொன்னாள். முதலில் சொன்னது இது: "மேடம், மொத அளவு தப்பாயிடுச்சு. அந்த ஆபீசர் எல்லார் எதிர்லயும் திட்டினாரு. பக்கத்துல நின்ன பொண்ணு பயந்துடுச்சு. எனக்கு ஒண்ணும் ஆவல. தினேஷ்கிட்ட வாங்குனதவிட கம்மிதான்னு நெனச்சுக்கினு, இன்னொரு தபா எடுக்கறேன் சார்னு சொன்னேன்."