மிஷினுக்குப் போட்ட மிஞ்சி

இன்னாசிமேரியைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய வீட்டுக்காரரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். உபகாரசாமி சேலம் செவ்வாய்ப்பேட்டையில், சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில் தையல்கடை வைத்திருந்தார். சட்டை, அரைக்கால் சட்டை, தலையணை உறை என்று அவர் தைத்ததெல்லாம் நேர்க்கோடு. கோடு ஒரு நூல் விலகினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பார். அப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த பெண்டாட்டிக்கோ நேர்க்கோடு என்றாலே கொட்டாவி வரும். இரண்டு பேரும் ஒரே அறையில், ஆளுக்கொரு மிஷினில், எதிரெதிரே உட்கார்ந்து குடும்பம் நடத்தினார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

இதெல்லாம் என் தாய்மாமன் சின்னண்ணன் சொல்லித் தெரிந்தது. மாமன் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர்தான். இந்த விஷயத்தில் மட்டும் அவருக்கு அந்த வேலை மிச்சம். அவள் தைத்த போர்வை ஒன்று என்னிடம் இருக்கிறது, சந்தேகப்படுகிறவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து துரைசானி ஒருத்தி, கிழிந்த போர்வை ஒன்றை ஒட்டுப்போடச் சொல்லி அந்தக் கடைக்குக் கொடுத்தனுப்பினாளாம். இரண்டு துணிக்கு நடுவில் பஞ்சைப் பரப்பி, பஞ்சு ஓரிடத்தில் திரளாமல் இருக்க மேலெல்லாம் கையால் பூத்தையல் ஓட்டிய போர்வை. இன்னாசிமேரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டு, இதையே மிஷினில் ஓட்டினால் என்ன என்று உட்கார்ந்துவிட்டாள். மிஷின் ஒத்துக்கொள்ளவில்லை. துணியை அழுத்திப் பிடிக்கிற இரும்புப் பாதம் மேல்துணியைத் தள்ளிக்கொண்டு போக, போர்வை முழுக்கச் சுருக்கம் விழுந்தது. வளைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. அவள் அந்தப் பாதத்தைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அடியில் துணியை இழுக்கிற பல்லின் மேல் ஒரு தகரத்தைத் தட்டி மூடினாள்.

“ஏம்புள்ள, பாதமில்லாம ஓட்டுனா மிஷினு என்னத்துக்கு ஆகும்?” என்றார் உபகாரசாமி.

“ஊசி நின்ன எடத்துலயே குத்தட்டுமுங்க. துணிய நான் நகத்திக்கறேன்.”

முதல் நாள் போர்வைக்கு அடியில் நூல் கொசகொசவென்று சிக்கிக் கிடந்தது. உபகாரசாமி வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்தபின் எழுந்து வந்து, பாதத்தை ஏற்றி இறக்குகிற பிடியைக் கீழே தள்ளிவிட்டார். பாதம் இல்லாவிட்டாலும் பிடியை இறக்கித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் மேல்நூல் இறுகாது. பாதமே இல்லாத மிஷினில் அதை இறக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? எதற்கும் ஆகாது என்று அவர் சொன்ன வேலைக்கு அவரே இப்படி வழி செய்து கொடுத்தார். அதற்குப் பிறகும் திட்டுவதை நிறுத்தவில்லை என்பது வேறு.

அப்புறம் அவள் கையைப் பிடிக்க ஆளில்லை. கால் மிதியில் ஓடும், இரண்டு உள்ளங்கையும் துணியின் மேல் விரிந்திருக்கும், துணி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் போகும். மலைமேல் பஸ் ஏறுகிற பாதை, புளிய இலை, ஆற்றில் தண்ணீர் சுழிக்கிற இடம் என்று கண்ணில் பட்டதெல்லாம் நூலாக ஓடி விழுந்தது. நிறுத்தாமல், ஊசியை எடுக்காமல், ஒரே ஓட்டத்தில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வந்துவிடுவாள். நானும் இந்த வயதுக்கு எத்தனையோ தையற்காரர்களைப் பார்த்துவிட்டேன். அந்தக் கை ஒருத்தருக்கும் இல்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். மேட்டூரில் அணை கட்டி முடித்த மறு வருஷம் நான் பிறந்தேன். என் அம்மா சௌந்திரம் என்னைப் பெற்ற கையோடு காய்ச்சல் கண்டு போய்விட்டாள். அப்பாவின் ஊர் நாமக்கல் பக்கம். வீட்டில் அதிகாரமெல்லாம் அப்பாவின் அக்கா, என் அத்தை ஆத்தாயிடம். கருமாதி முடிந்ததும் அப்பாவுக்கு வேறு இடத்தில் பெண் பார்க்கும் பேச்சு வந்துவிட்டது. அம்மாவின் சேலைகளை வழக்கப்படி சுமங்கலிகளுக்குக் கொடுத்தார்கள். எல்லாம் போய் மூன்று பட்டுச்சேலை மிஞ்சியிருந்தபோது சின்னண்ணன் மாமன் வந்து நின்றார். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர் அவர். தங்கை போன பிறகு கொடிக்கால் பக்கமே போகாமல் இருந்தாராம்.

“தொட்டல் சீரு தாய்மாமன் செய்யறதுதானுங்கக்கா. அவ சீலயிலயே ஒரு போர்வ தெச்சுக் கொண்டாறேன். அம்மா துணியில ஒண்ணாச்சும் புள்ள மேல படட்டும்” என்று கேட்டார்.

அத்தை யோசித்தாள். “சுமங்கலியாப் போனவ சீலைதான், தப்பில்ல. ஆனா நல்ல காரியத்துக்கு ஆவற மாதிரி இருக்கோணும் தம்பி. இல்லீனா நான் தொட்டல்ல போட மாட்டேன்” என்றாள்.

எங்கள் பக்கம் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுப் பேர் சொல்வது அத்தையின் உரிமை. அவள் மாட்டேன் என்றால் மாட்டேன்தான். மாமன் வெற்றிலைக் கட்டோடு சேலம் சந்தைக்குப் போகிறவர் என்பதால், அந்தச் சந்தில் தொங்கிய போர்வைகளை ஏற்கெனவே பார்த்திருந்தார். மூன்று சேலையையும் கொண்டுபோய் இன்னாசிமேரியின் மடியில் வைத்தார்.

அவள் சேலையை விரித்துப் பார்த்துவிட்டு, “கத்திரி வெக்கட்டுங்களாண்ணா?” என்று கேட்டாள். மாமன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். கத்திரி ஓடுகிற சத்தம் முடிகிறவரை திரும்பவே இல்லையாம்.

மேலே பட்டுத் துண்டுகள், நடுவில் பஞ்சு, அடியில் வெள்ளை மல்துணி. போர்வைக்கு நடுவில், எங்கள் ஆட்கள் வாசலில் போடுகிறார்களே, அந்தச் சதுரமான படிக்கோலத்தை அடிக்கோல் வைத்துக் கோடு கிழித்துத் தைத்தாள். சுற்றிலும் வெற்றிலைக் கொடி. தாய்மாமன் கொடிக்கால்காரர் என்பதால் அது அவளாகவே சேர்த்தது. மாமன் அதைப் பார்த்து அழுதுவிட்டாராம். அவர் அழுதார் என்றால் நான் நம்புகிறேன்.

தொட்டில் போடுகிற நாளுக்குக் கொஞ்சம் முந்தியே போர்வை வீடு வந்து சேர்ந்தது. அத்தை பட்டுப் பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். அப்புறம் திருப்பிப் போட்டாள். வெள்ளைத் துணியில் தையல் பளிச்சென்று தெரிந்தது. அவள் முகம் மாறிப்போயிற்று.

“ஏந்தம்பி, கோலமும் ஒத்த இழை, கொடியும் ஒத்த இழை. வெள்ளத் துணியில இப்பிடி இழுத்தா என்ன அர்த்தம்?”

மாமனுக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் நல்ல நாளுக்குப் போடுகிற கோலம் இரட்டை இழை. ஒற்றை இழை இழுப்பது கருமாதிக்குத்தான். அம்மாவின் கருமாதிக்கு இழுத்து அதிக நாள் ஆகவில்லை. இன்னாசிமேரி மாதா கோயிலுக்குப் போகிற வழியில் நாலு வாசலைப் பார்த்து வடிவத்தைப் பிடித்துக்கொண்டாளே தவிர, இழையை எண்ணிப் பார்க்கவில்லை. வேதக்காரப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டிய மாமனோ பட்டைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்.

அத்தையைக் கெட்டவள் என்று நினைக்க வேண்டாம். தாயில்லாத பிள்ளைக்கு இன்னும் ஏதாவது வந்துவிடுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்தவள் அவள். “இத எடுத்துக்கிட்டுப் போயிருங்க சாமி” என்று மாமன் கையில் கொடுத்தாளாம். அம்மாவின் கடைசிச் சேலைகள், துண்டுதுண்டாக வெட்டியாயிற்று. இது தொட்டிலில் ஏறாவிட்டால் எனக்கென்று அவளுடையது ஒரு நூல்கூட இந்த உலகத்தில் கிடையாது.

மாமன் மறுபடி பஸ் ஏறிச் சேலம் வந்தார். நடந்ததைச் சொல்லி, “பிரிச்சு வேற தெச்சுக் குடுங்கம்மணி” என்றார். இன்னாசிமேரி ஓரமாக ஒரு விரல் நீளத்துக்குத் தையலைப் பிரித்துக் காட்டினாள். நூல் வந்துவிட்டது. பட்டில் பொட்டுப் பொட்டாக ஓட்டை நின்றது.

“நூல்துணின்னா தண்ணி தெளிச்சுத் தேச்சா மூடிக்குமுங்கண்ணா. பட்டுல ஊசி போன எடம் போனதுதான்.”

“அப்ப ஒண்ணும் பண்ண முடியாதுங்களா?”

“ஒத்த இழைன்னுதான சொன்னாங்க? கூடவே இன்னொரு இழை போட்டுட்டாப் போவுது.”

சொல்வது சுலபம். பழைய துணியில் தைத்துப் பார்த்தாள். இரண்டாவது கோடு முதல் கோட்டை ஓரிடத்தில் முட்டும், ஓரிடத்தில் விலகி ஓடும். எத்தனை தேர்ந்த கையானாலும் இலை வளைவில் ஒரே இடைவெளி வருவதில்லை. பஞ்சு வைத்துத் தைத்து மேடுபள்ளமாகிவிட்ட பட்டில் சுண்ணக்கட்டிக் கோடும் நிற்காமல் உதிர்ந்தது. அடிக்கோலை ஊசி ஓரமாகப் பிடித்து ஓட்டினாள். கோல் வழுக்கி உள்ளே போக, ஊசி அதில் மோதி முறிந்தது. மாமன் கடைவாசலிலேயே குந்தியிருந்தார். தொட்டில் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவள் கையை மடியில் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து வெறுமனே மிதியை மிதித்துக்கொண்டிருந்தாளாம். மிதியோடு சேர்ந்து ஏறி இறங்கியது அவள் கால்விரலில் கிடந்த மிஞ்சி. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து வலதுகால் மிஞ்சியைக் கழற்றி, ஊசிக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

எதிர் மிஷின் நின்றுவிட்டது. “நான் கல்லுக்குண்டாட்டம் உக்காந்திருக்கறேன், மிஞ்சியக் கழட்டறியா நீ?” என்றார் உபகாரசாமி.

“உங்களுக்காவக் கழட்டலீங்க. மிஷினுக்குப் போடோணும்.”

பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிற ஆசாரியிடம் கொண்டுபோகச் சொல்லிப் பழைய பாதம் ஒன்றையும் மிஞ்சியையும் அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் வழியெல்லாம் புலம்பிக்கொண்டு போய், சொன்னபடியே செய்து வாங்கி வந்தார். பாதத்தின் விரல்களை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் படுக்கை வாட்டில் மிஞ்சி. நட்டநடுவில் ஊசி இறங்கும். துணியை அழுத்தாமல், மேலே லேசாக உரசி நிற்கும். மிஞ்சியின் விளிம்பு பழைய தையலைத் தொட்டபடியே போனால் போதும், புதுத்தையல் எந்த வளைவிலும் அதே தூரத்தில் விழுந்தது. கோலத்தின் நேர்க்கோடுகளுக்கு மிஞ்சிக் கனத்துக்கு ஒரு கோல் வேண்டியிருந்தது. பழைய மிஷின் பெட்டியின் தேக்குப் பலகையை உபகாரசாமி இழைத்துக் கொடுத்தார். கோல் மிஞ்சியில் இடிக்கும், ஊசிக்குப் போகாது. பின்னாளில் அந்த மனிதர் இலை வளைவுக்கும் அரைவட்டத்துக்கும்கூட மரத்தில் கோல் செதுக்கினார். வாழ்நாளெல்லாம் நேர்க்கோட்டைக் கட்டி அழுதவர்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசைக்குப் போன இடத்தில் பெண்கள் அவள் காலைப் பார்த்துவிட்டு, “ஊட்டுக்காரருக்கு ஒடம்புக்கு என்ன?” என்று கவலையாக விசாரித்தார்கள். ஊட்டுக்காரர் ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தார். அவள் சிரித்துக்கொண்டே வந்துவிட்டாளாம். இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவள்மேல் பிரியம் பொங்கிக்கொண்டு வருகிறது. முகம் தெரியாத வீட்டுப் பிள்ளைக்காக ஊர்வாயில் விழ எத்தனை பேர் துணிவார்கள்?

தொட்டில் போடுகிற அன்று காலையில் மாமனோடு அவளே கிளம்பி வந்தாள். மறுபடி ஏதாவது குறை சொன்னால் நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான். அத்தை போர்வையை வாங்கியதும் பட்டுப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேரே திருப்பினாள். இரண்டு கோட்டுக்கு நடுவில் விரலை வைத்துக் கோலத்தைச் சுற்றி வந்தாள், கொடியைச் சுற்றி வந்தாள். விரல் எங்கேயும் இடறவில்லை. “எப்பிடிம்மணி இப்பிடி ஒண்ணாட்ட வந்துது?” என்றாள்.

இன்னாசிமேரி கூச்சத்தோடு மாமனைப் பார்த்தாள். மாமன்தான் மிஞ்சிக் கதையைச் சொன்னார். அத்தை அவள் காலைக் குனிந்து பார்த்தாள். ஒரு காலில் மிஞ்சி, ஒரு காலில் வெறும் விரல்.

அத்தை உள்ளே போனாள். அம்மாவின் நகையெல்லாம் வரப்போகிறவளுக்கு என்று பூட்டியாகிவிட்டது. மிஞ்சியை மட்டும் அத்தை தனியாக முடிந்து வைத்திருந்தாள். அதில் ஒன்றை எடுத்து வந்து, பத்து ஊர் கட்டி ஆள்கிற மாதிரி நிமிர்ந்து நடக்கிற என் அத்தை, தரையில் உட்கார்ந்தாள். “காலக் குடும்மணி. எம்புள்ளைக்கு ரெட்டை இழை போட்டவள ஒத்தக் காலோட அனுப்ப மாட்டேன்” என்று அவளே போட்டுவிட்டாள். அதற்கப்புறம் என்னைப் போர்வையில் சுற்றித் தொட்டிலில் போட்டுப் பேர் சொன்னாள்.

எனக்கு விவரம் தெரிந்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. துணிக்குக் கட்டுப்பாடு வந்து, இன்னாசிமேரி கிழிசல்களை வைத்தே போர்வை போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலும் இரட்டைக் கோடு. சேலம் போகும்போதெல்லாம் மாமன் என்னையும் கூட்டிப்போவார். பெரியவர்கள் எல்லாரும் மேலே மிஷினில் ஏறியிருந்த மிஞ்சியைத்தான் அதிசயமாகப் பார்ப்பார்கள். நான் அதைப் பார்ப்பதில்லை. மிஷினுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொள்வேன். அங்கே இன்னாசிமேரியின் வலதுகாலில் என் அம்மாவின் மிஞ்சி மிதியோடு ஏறும், இறங்கும், ஏறும். அவள் தைத்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டே இருப்பேன். அம்மா நடந்து எனக்கு ஞாபகம் என்றால் அது ஒன்றுதான்.