பதினேழாம் இலக்க மாப்பிள்ளை

தகவல் முறைமைகள் பட்டப்படிப்பின் இரண்டாம் வருடத்தில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். உண்மையாகத் தொழில் நடத்தும் ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவரோடு உட்கார்ந்து பேசி, எந்தத் தகவல் அவருக்கு எப்போது தேவைப்படுகிறது என்று கண்டுபிடித்து, அதற்கு ஒரு மென்பொருள் செய்து கொடுக்க வேண்டும். கடைசியில் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து விரிவுரையாளருக்கு முன்னால் "எனக்குத் திருப்தி" என்று சொல்ல வைக்க வேண்டும். மென்பொருள் செய்வதைவிட இந்தக் கடைசி வேலைதான் கஷ்டம் என்று எங்களுக்கு மூத்த மாணவர்கள் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் குழுவில் மூன்று பேர். நான் புசல்லாவைக்காரி, கண்டியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். என் தோழி கலகெதரயிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவாள். மூன்றாவது ஆள் யாழ்ப்பாணத்துப் பையன். உயரமானவன், மரியாதையானவன். யார் எதைக் கேட்டாலும் முதலில் "ஓம்" என்று சொல்லிவிட்டு, என்ன கேட்டார்கள் என்பதைப் பிறகு யோசிப்பான்.

மற்றக் குழுக்கள் மருந்துக்கடை, பேக்கரி, பல் டாக்டர் என்று ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டன. நாங்கள் போன முதல் இடம் ஒரு டயர் கடை. முதலாளி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அது சரி, இந்தக் கேமராவத் திருத்தத் தெரியுமா?" என்று கூரையைக் காட்டினார். நம் ஆள் "ஓம்" என்றான். அந்தப் பின்னேரம் முழுக்க நானும் தோழியும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கேமரா வேலை செய்தது. முதலாளி நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்.

பிறகுதான் தோழி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"எங்கட சாச்சி ஒருத்தி ஈக்கிறா. கலியாணம் பேசுறவ."

சாச்சி என்றால் அவளுடைய உம்மாவின் தங்கை. கலகெதரயில் பிரதான வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே வீடு. முன்னறையில் ஒரு கதிரை, அதன் கைப்பிடி ஒவ்வொன்றிலும் ஒரு போன். அக்குறணை, மாவனல்லை, குருநாகல் என்று எங்கெல்லாம் மணமகன் இருக்கிறாரோ, எங்கெல்லாம் மணமகள் இருக்கிறாளோ, எல்லாம் அந்தப் போன்களுக்குள் குரல் பதிவுகளாகக் கிடந்தன. ஒரு மாப்பிள்ளையின் உயரம் வேண்டுமென்றால், அவருடைய தாயார் அனுப்பிய குரல் பதிவுகளை முதலிலிருந்து கேட்க வேண்டும். அதில் பாதி மழையைப் பற்றி இருக்கும்.

எங்களுக்குத் தகவல் திரட்டுவதற்கென்று ஒரு முறை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முக்கியமாக, ஒன்றுக்கு எத்தனை என்று கேட்க வேண்டும். ஒரு மாணவனுக்கு எத்தனை பாடம், ஒரு கடைக்கு எத்தனை வாடிக்கையாளர் என்பதுபோல. யாழ்ப்பாணத்தான் பேனையைத் திறந்து மிகவும் மரியாதையாகக் கேட்டான்.

"அன்ரி, ஒரு மாப்பிள்ளைக்கு எத்தினை பொம்பிளை?"

சாச்சி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்ன தம்பி கேக்குறீங்க? மரியாதையான வீட்டுல வந்து கேக்குற கேள்வியா இது?"

அவன் கேட்டது ஒரு மாப்பிள்ளைக்கு எத்தனை இடம் பேசிப் பார்ப்பீர்கள் என்பதைத்தான். அதை விளக்கித் தோழி அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது. அதற்குப் பிறகு அவனைக் கேள்வி கேட்க நாங்கள் விடவில்லை.

உயரத்துக்குச் சாச்சியிடம் மூன்று அளவுதான்: "அளவான உசரம்", "நல்ல உசரம்", "வாசல்ல குனியிற உசரம்." அப்படியே போட்டோம். நிறத்துக்கும் ஒரு கட்டம் வேண்டும் என்றார். தோழிக்கு அதில் விருப்பமில்லை. "சனம் கேக்குதே மகள், நான் என்ன செய்ய?" என்று சாச்சி விடாப்பிடியாக நின்றார். தோழி சரி என்று தலையாட்டிவிட்டு ஒரு கட்டம் செய்து கொடுத்தாள். அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். தேடும்போது மென்பொருள் அந்தக் கட்டத்தை ஏறெடுத்தும் பார்க்காது. சாச்சிக்கு இன்றுவரை அது தெரியாது என்று நினைக்கிறேன்.

மென்பொருளைச் சோதிக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். உண்மையான விபரங்களைத் தரச் சாச்சி மறுத்துவிட்டார். "சனங்கட மானம் மகள். மொதல்ல ஓடுதான்னு காட்டுங்க." ஆகவே நாங்களே ஆட்களை உண்டாக்கினோம். பெரும்பாலானவர்களுக்குக் காய்கறிப் பெயர்கள். கத்தரிக்காய், முப்பது வயது, ஆசிரியர். பூசணிக்காய், நல்ல உசரம், சொந்தமாகக் கடை. ஆனால் விரிவுரையாளருக்குக் காட்டுவதற்கு ஒரு மரியாதையான ஆள் வேண்டுமே. அப்படிப் பட்டியலில் பதினேழாவதாகப் பிறந்தவர்தான் பதினேழாம் இலக்க மாப்பிள்ளை.

அவரை மூன்று பேரும் சேர்ந்து செய்தோம். கெண்டீனில் ரோல்ஸ் சாப்பிட்டபடி, ஆளுக்கொரு குணம் கொடுத்தோம். சீதனம் வேண்டாம் என்பவர். அது தோழி போட்டது. அவருடைய தாயார் மருமகளின் குசினிக்குள், சமையலுக்குள் தலையிட மாட்டார், அதுவும் தோழி. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவார், அது நான். மனைவி பேசும்போது போனைப் பார்க்க மாட்டார், அதுவும் நான். யாழ்ப்பாணத்தான் நெடுநேரம் யோசித்து, "கோபம் வந்தால் நடக்கப் போவார்" என்று சேர்த்தான். பெண் எந்த ஊராக இருந்தாலும், எவ்வளவு படித்திருந்தாலும், எந்த உயரமாக இருந்தாலும் அவருக்குச் சம்மதம். படம் ஏறுகிறதா என்று பார்க்க ஒரு படமும் வேண்டியிருந்தது. கண்டிக் குளக்கட்டில் யாழ்ப்பாணத்தானை நிறுத்தி முதுகுப் பக்கமாக எடுத்தோம். தொலைபேசி இலக்கம் இல்லாவிட்டால் மென்பொருள் ஏற்காது. அவனுடைய இலக்கத்தையே போட்டோம்.

ஒரு சனிக்கிழமை சாச்சியின் மடிக்கணினியில் எல்லாவற்றையும் நிறுவினோம். காய்கறிகளை நீக்கிவிட்டோம். எப்படித் தேடுவது என்று காட்டுவதற்காகப் பதினேழாமவரை மட்டும் விட்டு வைத்தோம். காட்டி முடித்ததும் அவரையும் நீக்குவதாக இருந்தது. அதற்குள் புரியாணியும் வட்டிலப்பமும் வந்துவிட்டன. சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பேருக்கும் பஸ்தான் ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாச்சி உட்கார்ந்து தன்னிடம் இருந்த மாப்பிள்ளைகளையும் பெண்களையும் எல்லாம் பதிந்தார். ஒவ்வொரு பெண்ணுக்கும் மாப்பிள்ளை தேடினார். ஒரு நிபந்தனையும் இல்லாதவர் எல்லாத் தேடலிலும் முதலாவதாகத்தானே வருவார்? பதினேழாமவர் வந்தார். கம்பளைப் பெண்ணுக்கும் அவரே, மடவளைப் பெண்ணுக்கும் அவரே. மென்பொருளோடு சேர்த்து நாங்கள் ஒரு மாப்பிள்ளையையும் அன்பளிப்பாகத் தந்திருக்கிறோம் என்று சாச்சி நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை விரிவுரை நடந்துகொண்டிருந்தபோது யாழ்ப்பாணத்தானின் போன் அதிர்ந்தது. அவன் குனிந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினான். அவன் பக்கத்துப் பேச்சு மட்டும் எங்களுக்குக் கேட்டது.

"ஓம்... ஓம்... ஓம் அம்மா, ஒவ்வொரு நாளும்... தட்டோ? ஓம், நான்தான் கழுவுறனான்... இல்லை, இப்ப கதைக்கேலாது. லெக்சரிலை நிக்கிறன்."

போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தான்.

"ஆரோ ஒரு அம்மா. சுகம் விசாரிச்சவ. நான் தொழுறனானோ எண்டு கேட்டவ. நான் கோயிலுக்குப் போறதைக் கேக்கிறா எண்டு நினைச்சு ஓம் எண்டிட்டன்."

தோழியின் முகம் வெளுத்தது. "மடையா, நீ யாரெண்டு நெனச்சு அவ கேட்டா தெரியுமா?"

"தெரியேல்லை. ஆனால் நல்ல அம்மா."

மத்தியானம் சாச்சி தோழிக்குப் போன் எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டாள்.

"மகள், அந்தப் புள்ள லெக்சரராமே! நீங்க ஒண்டும் செல்லல்லயே! அக்குறணயால எடுத்துப் பேசினாங்க. வகுப்பு நடத்திக்கிட்டே எவ்வளவு மரியாதயாப் பேசினாராம். யாழ்ப்பாணத்து ஆக்கள் போல, பேச்சு அப்பிடியாம். படத்துல மூஞ்சக் கூடக் காட்டல்ல, அவ்வளவு அடக்கம்! இன்னம் ரெண்டு மூணு வீட்டுக்கும் நம்பர் குடுத்தீக்கிறேன்."

சாச்சியின் சந்தோசத்துக்கு நடுவில் உண்மையைச் செருக இடமே இல்லை. அடுத்த நாள் வகுப்பு முடிந்ததும் மூன்று பேரும் கலகெதர வழியாகப் போகும் குருநாகல் பஸ்ஸில் ஏறினோம். சாச்சி குசினியில் இருக்கும்போது பதினேழாமவரை ஓசையில்லாமல் நீக்கிவிட்டு, ஆள் வெளிநாடு போய்விட்டார் என்று சொல்லிவிடுவதுதான் திட்டம். நான் மடிக்கணினியைத் திறந்து, அவரைத் தெரிவுசெய்து, நீக்கு என்று அழுத்தினேன்.

திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது: "இவரை நீக்க முடியாது. இவரை நம்பிச் சிலர் இருக்கிறார்கள்."

அதை எழுதியவளே நான்தான். ஒருவரோடு தொடர்புபட்ட பதிவுகள் இருக்கும்வரை அவரை அழிக்க விடக்கூடாது என்பது எங்கள் பாடத்தில் முக்கியமான விதி. அந்த விதியை அழகாகச் செய்திருக்கிறீர்கள் என்று விரிவுரையாளர் பாராட்டியும் இருந்தார். செய்தி வறட்சியாக இருக்கிறதே என்று நான்தான் கொஞ்சம் உருக்கமாக எழுதினேன். சாச்சி அதற்குள் அவரோடு நான்கைந்து பெண்களைப் பொருத்தி வைத்திருந்தார்.

"என்ன மகள் சிவப்பா வருது?"

சாச்சி எனக்குப் பின்னால் நின்றார். வரியை வாய்விட்டு வாசித்தார். வாசித்துவிட்டுப் பெருமையோடு சொன்னார்: "பாருங்க, கொம்பியூட்டரே செல்லுது! சரி, இப்ப அக்குறணயால உம்மாவும் மகளும் வாராங்க. நீங்களும் இருந்து பேசிட்டுப் போங்க."

அப்போதுதான் தோழி உடைந்தாள். "சாச்சி, அப்பிடி ஒரு ஆள் இல்ல. நாங்க சும்மா செஞ்சது."

சாச்சிக்கு விளங்க நேரம் எடுத்தது. எங்கள் மூன்று முகங்களையும் பார்த்தார். பிறகு திரையில் இருந்த படத்தைப் பார்த்தார். யாழ்ப்பாணத்தானிடம் சொன்னார்:

"தம்பி, கொஞ்சம் அங்கால திரும்புங்க."

அவன் "ஓம்" என்று திரும்பி நின்றான். சாச்சி அவனுடைய முதுகையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். சாச்சி கதிரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். திரும்பி வந்தபோது அவருடைய தோள்கள் குலுங்கியது சிரிப்பால் என்று தெரிந்தது. ஆனால் சிரித்து முடித்ததும் தெளிவாகச் சொன்னார்.

"வாரவங்களுக்கு நீங்கதான் செல்லணும். நான் குசினிக்குப் போறேன்."

சொன்னபடியே போய்விட்டார். உம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவள். ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள் என்று பிறகு அறிந்தோம். தோழி பாதி சொன்னாள், மீதியை நான் சொன்னேன். உம்மா வாயில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். "அப்ப போன்ல பேசினது?" என்றார். யாழ்ப்பாணத்தான் எழுந்து நின்று, "நான்தான் அம்மா. ஆனால் தட்டுக் கழுவுறது உண்மை," என்றான்.

மகள் சிரித்துவிட்டாள். "நான் செல்லல்லயா உம்மா? சீதனமும் வேணாம், மாமியும் தலையிட மாட்டா, எந்த ஊர் எண்டாலும் சரி எண்டா, அப்பிடி ஒராள் ஈக்க ஏலாது எண்டு. நீங்கதான் போன் எடுத்துப் பாப்போம் எண்டீங்க."

பிறகு அவள் மடிக்கணினிப் பக்கம் நகர்ந்தாள். எப்படித் தேடுவது என்று கேட்டாள். காட்டினேன். மாப்பிள்ளை பெண்ணிடம் எதிர்பார்ப்பதைப் போட்டால் பெண்கள் வருவார்கள். பெண்ணைப் போட்டால் அவளை ஏற்கக்கூடிய மாப்பிள்ளைகள் வருவார்கள்.

"எனக்கு என்ன வேணும் எண்டு எங்க போடுற?" என்றாள்.

நாங்கள் மூன்று பேரும் திரையைப் பார்த்தோம். அப்படி ஒரு இடம் இல்லை. சாச்சி கேட்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. எங்கள் கனவு மாப்பிள்ளைக்கு அத்தனை குணங்களை எழுதியிருந்தோம். அவற்றைக் கேட்டுத் தேட ஒரு பெண்ணுக்கு வழி வைக்கவில்லை. குழுவில் இரண்டு பேர் பெண்கள் வேறு. எனக்குக் காது சுட்டது.

அடுத்த கிழமைகளில் அதைத்தான் செய்தோம். பெண் பக்கத்திலிருந்து தேட ஒரு பக்கம். அதற்காக மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்க வேண்டிய புதுக் கேள்விகள். தட்டுக் கழுவுவாரா என்பதும் அதில் ஒன்று. பதிலில்லாமல் பதிய முடியாது. சில தாய்மார் அந்தக் கேள்விக்குப் போனையே வைத்துவிட்டார்களாம். சாச்சி முதலில் முணுமுணுத்தார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்பதில் அவருக்கே ஒரு ருசி வந்துவிட்டது. பதினேழாமவரை அவர் "திருமணமானவர்" என்று மாற்றிவிட்டார். யாரை முடித்தார் என்று கேட்டவர்களுக்கு "தூரத்துல" என்று மட்டும் சொன்னார்.

இறுதி நாளில் சாச்சி நல்ல உடுப்பு உடுத்து வந்து விரிவுரையாளருக்கு முன்னால் உட்கார்ந்தார். திருப்தியா என்று கேட்டார்கள். "மிச்சம் திருப்தி," என்றார். "இந்தப் புள்ளைகள் பொய் சென்னாலும் நேர்மையான புள்ளைகள்." விரிவுரையாளர் எங்களைப் பார்த்தார். நாங்கள் கூரையைப் பார்த்தோம். விளக்கம் கேட்டார், சொன்னோம். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். சோதனைத் தரவைச் சரியாக அகற்றாததற்குப் புள்ளி குறைத்தார். தேவையை மறுபடி ஆராய்ந்து திருத்தியதற்குக் கொடுத்தார். வகுப்பில் நாங்கள் முதலாவதும் இல்லை, கடைசியும் இல்லை.

அந்த வார இறுதியில் புசல்லாவைக்குப் போய் அம்மாவிடம் முழுக்கதையும் சொன்னேன். அம்மா தையல் மெசினை நிறுத்திவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் எதிர்பார்த்ததைவிட நல்ல வரவேற்பு. பிறகு ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, மிகவும் சாதாரணமாகக் கேட்டார்.

"ஏம்மா, அந்தம்மாகிட்ட நம்ம ஆளுங்க யாரும் பதிஞ்சிருக்காங்களா?"

"சிஸ்டம் டவுன்ம்மா," என்று சொல்லிவிட்டு நான் குளிக்கப் போனேன்.