ஜூன் ஒன்று என்று என் கை எழுதியது

அகதிகளுக்கும் வெளிநாட்டவர்களுக்கும் வழக்கு நடத்துகிற வக்கீல்களுக்கான ஒரு நாள் பயிற்சி அது. மைசூர் விஜயநகரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் நடந்தது. சான்றிதழ் தருவார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் பெயரைக் கொடுத்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கர்நாடக எல்லையில் இருக்கும் எங்கள் ஊர் கோபிநத்தத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா முதலில் என் சான்றிதழ்கள் மாட்டிய சுவருக்கு முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துவார்.

நாமே எழுதிய ஒரு அஃபிடவிட்டை, பெயர்களைக் கறுப்பு மையால் அடித்துவிட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதிகாரியாக மாறிக் கேள்வி கேட்பார். நாம் கட்சிக்காரராக மாறிப் பதில் சொல்ல வேண்டும்.

நான் கொண்டுபோனது முந்தின நாள்தான் தாக்கல் செய்தது. திங்கட்கிழமை விசாரணை. இலங்கையிலிருந்து மகளோடு வந்து, விசா முடிந்த பிறகும் மைசூரில் தையல் வேலை செய்துகொண்டு தங்கியிருக்கும் ஓர் அக்காவின் மனு. அங்கே அவருடைய கணவரைச் சிலர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவே இல்லை. எங்களைத் திருப்பி அனுப்பாதீர்கள் என்பதுதான் கோரிக்கை. மனு தள்ளுபடியானால் இரண்டு பேரும் போக வேண்டியதுதான்.

என் பக்கத்தில் இருந்தவர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்து வக்கீல். என்னைவிடப் பத்து வருடம் மூத்தவர். டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே என் காகிதத்தை வாங்கினார்.

"ரெடியாப்பா? அழக் கூடாது, ஆய்த்தா?" சரியா என்பதைக் கன்னடத்தில்தான் கேட்பார்.

"கேளுங்க மேடம்."

"உங்க ஹஸ்பெண்டைக் கூட்டிட்டுப் போனது எந்தத் தேதி?"

"ஜூன் ஒண்ணு."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா?" என்றேன். நடிப்பு நன்றாக வருகிறது என்று எனக்கே ஒரு பெருமை.

அவர் பின்னால் இணைத்திருந்த தாள்களைப் புரட்டினார். மெல்லுவது சட்டென்று நின்றது.

"அதே வருஷம் ஆகஸ்ட்ல ஒரு புகார் இருக்கு. என்னை மிரட்டுறாங்கன்னு. கீழ யார் கையெழுத்து?"

"என் வீட்டுக்காரரோடது."

"ஜூன்ல போனவரு ஆகஸ்ட்ல வந்து கையெழுத்துப் போட்டாராம்மா?"

பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது அடைத்துப்போயிற்று. அந்தத் தாளை இணைத்தது நான். தேதியை எழுதியதும் நான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

"ஏய், இதை ஃபைல் பண்ணிட்டியா?" அவர் குரல் இறங்கிவிட்டது.

"நேத்து."

"அய்யோ தேவரே!" கடவுளையும் கன்னடத்தில்தான் கூப்பிட்டார். "அந்தம்மா ஜூன் ஒண்ணுன்னா சொன்னாங்க?"

இல்லை. "மழை தொடங்கின நேரம் தம்பி, கூரை பிரிச்சுக் கிடந்தது" என்றுதான் சொன்னார். மைசூரில் மழை தொடங்குவது ஜூனில். தேதி? கோபிநத்தத்தில் என் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்குப் பிறந்தநாள் ஜூன் ஒன்று, எனக்கும்தான். பிறந்த தேதி தெரியாத பிள்ளைக்குப் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போடும் தேதி அது. தெரியாத தேதி என்றால் ஜூன் ஒன்று. என்னைக் கேட்காமல் என் கையே எழுதியிருக்கிறது.

அன்று காலை பயிற்சி நடத்தியவர் சொன்ன முதல் விஷயமே, கட்சிக்காரருக்குத் தெரியாததை நீங்கள் எழுதாதீர்கள் என்பதுதான். நோட்டில் குறித்து அடிக்கோடும் போட்டிருந்தேன்.

"டைப்பிங் மிஸ்டேக்னு ஒரு லைன் போட்டுடு. நம்மள்ல யாரு போடல?" என்றார் மேடம். எங்கள் தொழிலில் எல்லாப் பிழையையும் சுமப்பவர் டைப்பிஸ்ட்தான்.

"டைப் பண்ணதே நான்தான் மேடம்."

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு, பொய்கூட இல்ல."

சிரிக்க முடியவில்லை. சான்றிதழுக்குக் காத்திராமல் கிளம்பினேன்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே கேட்டேன்.

"அக்கா, அது எந்த மாசம்?"

"ஐப்பசி. மாரி மழை ஐப்பசியிலதானே தம்பி தொடங்கும்?"

"நான் ஜூன்னு படிச்சுக் காட்டினேனே? கவனிக்கலையா?"

"கேட்டனான். பிழை எண்டும் தெரியும்."

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டீங்க?"

"நீங்கள் படிச்ச பிள்ளை. இஞ்சத்த சட்டத்துக்கு அப்பிடித்தான் எழுத வேணுமாக்கும் எண்டு இருந்திட்டன்."

மண்டபத்தில் அடைத்த காது அப்போதுதான் திறந்தது போலிருந்தது. திறந்து கேட்டது என் அப்பாவின் குரல். எந்தக் காகிதத்தில் கைநாட்டு வைத்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "படிச்சவீங்க எழுதுனாச் செரியாத்தான் இருக்கும்." என் பிறந்த தேதிக்கும் அப்படிச் சொல்லித்தான் கட்டைவிரலை வைத்திருப்பார்.

புதிதாக எழுதினோம். தேதி நினைவில்லை, ஐப்பசியில், மழை தொடங்கிய முதல் வாரம். ஒவ்வொரு வரியையும் வாசித்து, "இது நீங்க சொன்னதா?" என்று கேட்டேன். ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வெள்ளை வண்டி எண்டு நான் சொல்லேல்லை தம்பி. இருட்டு. நிறம் ஆர் கண்டது?"

நான்தான் சேர்த்திருக்கிறேன். ஆளைக் கடத்திய இலங்கைக் கோப்புகளில் எல்லாம் வெள்ளை வண்டி வந்ததால், இதிலும் வந்துவிட்டது. என் மேலேயே எனக்குப் பயம் வந்தது. ஜூன் ஒன்றும் வெள்ளையும் மனுதாரர் சொன்னவை அல்ல, அவரைக் கேட்காமல் நான் எழுதியவை என்று என் பெயரில் தனியாக ஒரு பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டேன்.

திங்கட்கிழமை அதிகாரி எல்லாவற்றையும் படித்தார். மைசூர்க்காரர். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "மளெ ஷுரு அந்த்ரெ ஜூன் அல்வேன்ரீ?" என்றார். மழை தொடங்கினால் அது ஜூன்தானே என்கிறார்! பதில் என் நுனிநாக்கில் நின்றது. விழுங்கினேன்.

"அக்கா, மழை ஜூன்லதானே தொடங்கும்னு கேக்குறார். நீங்களே சொல்லுங்க."

"இல்லை ஐயா. அந்த மாசம் எங்கட ஊரில கிணறெல்லாம் வத்திக் கிடக்கும். மாரி வர ஐப்பசி ஆகும்."

அதை மட்டும், கூட்டாமல் குறைக்காமல், கன்னடத்தில் சொன்னேன். அதிகாரி தன் குறிப்பில் எதையோ அடித்தார். முடிவு சொல்லவில்லை. அடுத்த விசாரணை வரை இருவரையும் அனுப்பக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

வாசற்படியில் அக்கா அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். "ஆறுதலா வாசிச்சுச் சொல்லுங்கோ." கன்னடத்தைத் தமிழாக்கி, வரி வரியாகச் சொன்னேன். நான்காவது வரியில் கையைக் காட்டினார்.

"அது பிழை தம்பி. பிள்ளைக்கு ஒன்பது வயசு இல்லை, பதினொண்டு."

திரும்பி உள்ளே போனோம். அவர்தான் முன்னால் நடந்தார்.