கீழே இருப்பவருக்கே வழி

பூ கட்டுகிறவளுக்கு விரல் போனால் பிழைப்பே போச்சு. ஸ்கேட்போர்டில் கால் வைக்கும்போதெல்லாம் எனக்கு இதே நினைப்புதான். உயர்நிலை இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சிராங்கூன் ரோட்டில் ஒரு பூக்கடையில் சேர்ந்திருந்தேன். வேறு வேலை தெரியாது. அதனால் கையுறை போட்டு, அதன்மேல் பழைய காலுறையையும் இழுத்து மாட்டிக்கொண்டுதான் பலகையில் ஏறுவேன்.

“குத்துச்சண்டைக்கா போறே?” என்பான் அண்ணன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஞாயிறு காலையில் நானும் அண்ணனும் அவன் கூட்டாளிகளும் தேக்காவில் பஸ் ஏறிப் புக்கிட் மேராவுக்குப் போவோம். அங்கே இரண்டு அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே, மேல் கார் நிறுத்தத்திலிருந்து கீழே இறங்கும் சரிவு ஒன்று இருந்தது. நடுவில் ஒரு வளைவு. மேலே நிற்பவருக்கு வளைவுக்கு அப்பால் என்ன வருகிறதென்று தெரியாது.

எங்களுக்குப் பலகை ஓட்டச் சொல்லித்தந்த கோச் முன்பு கப்பலில் வேலை பார்த்தவர். ஏதோ ஒரு குளிர்நாட்டுத் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, மலைமேல் ஒற்றைப் பலகையில் பனியில் சறுக்கி வருகிறவர்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். எங்களுக்குத் தெரிந்த பனியெல்லாம் கடையில் சீவித் தரும் ஐஸ் கச்சாங்தான். ஆனால் அந்த மலையின் மரியாதைகளை அவர் அப்படியே இங்கே கொண்டுவந்துவிட்டார். கீழே இருப்பவருக்கே வழி. மேலிருந்து வருகிறவன்தான் ஒதுங்க வேண்டும், ஏனென்றால் அவனால்தான் மற்றவனைப் பார்க்க முடியும். விழுந்தால் நடுவழியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருக்கக் கூடாது. ஓரத்துக்கு நகர்ந்த பிறகு அழலாம். ஆளில்லாமல் ஓடும் பலகை ஆளைவிட ஆபத்து, அதை முதலில் பிடி. இவற்றோடு நாங்களாகச் சேர்த்துக்கொண்டது ஒன்று உண்டு. வளைவில் எப்போதும் ஒருவர் நிற்க வேண்டும். அவர் கை தூக்கினால்தான் மேலே இருப்பவர் புறப்படலாம்.

முறை வைத்து நின்றோம். என் முறை வந்தால் எல்லோருக்கும் அலுப்பு. இலை அசைந்தாலும் நான் கை தூக்க மாட்டேன்.

“உன் தங்கச்சி நின்னா நாம மத்தியானச் சோத்துக்குத்தான் கீழ போய்ச் சேருவோம்லா” என்று அண்ணனிடம் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனால் எனக்குப் பயப்படக் காரணம் இருந்தது. ஒருமுறை யாரும் வளைவில் நிற்காத நேரத்தில் எங்கள் பலகை ஒன்று ஓடிப்போய், சந்தையிலிருந்து வந்த ஓர் ஆன்ட்டியின் தள்ளுவண்டியில் இடித்தது. முட்டையெல்லாம் போயிற்று. மூன்றாம் மாடி அங்கிள், துறைமுகத்தில் இரவு வேலை பார்ப்பவர், சாரத்தோடு இறங்கி வந்தார்.

“இன்னொரு தடவ இப்படி நடந்துச்சுன்னா வீடமைப்பு ஆபீஸ்ல சொல்லி இங்க குறுக்கே சங்கிலி போட வச்சிருவேன்.”

எங்களுக்கு இருந்தது அந்த ஒரு சரிவுதான். வேறு எங்கே போனாலும் விரட்டினார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் மார்சிலிங்கிலிருந்து ஒரு குழு போட்டிக்கு வந்தது. யார் சீக்கிரம் கீழே இறங்குகிறார்கள் என்பதுதான் போட்டி. கடைசியில் எங்கள் பக்கம் அண்ணன் ஒருவனே பாக்கி. அவன் நன்றாக ஓட்டினால் ஜெயம் எங்களுக்குத்தான். வளைவில் என் முறை.

கையைத் தூக்கப் போனேன். புளோக்கின் கீழ்த்தளத் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு சிவப்புப் பந்து உருண்டு வந்து சரிவின் அடியில், நடுவழியில் நின்றது.

பந்து வந்தால் பின்னால் பிள்ளை வரும். கை அப்படியே இறங்கிவிட்டது. பிள்ளை வரவில்லை. தூணுக்குப் பின்னால் போய்ப் பார்க்கலாமென்றால், வளைவை விட்டு நகரக் கூடாது.

“என்னக்கா, பந்துக்குக் காவலா?” என்றான் மார்சிலிங்காரன் ஒருவன்.

“ஏய், காலு மரத்துப்போச்சு. தூக்கு கையை” என்று மேலிருந்து அண்ணன் கத்தினான்.

கோச் அண்ணனின் பலகை முனையில் தன் காலை வைத்து அழுத்திக்கொண்டார்.

“ஆளே இல்லையே, விடுங்க” என்றார்கள் மார்சிலிங் பக்கம்.

“அவ இன்னும் கை தூக்கலையே” என்றார் கோச்.

அண்ணன் தோற்றால் வீட்டில் ஒரு மாதம் இதே பேச்சாக இருக்கும். ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் சங்கிலி விழும். அதற்கெல்லாம் முன்னால் அந்தப் பிள்ளையின் உயிர். கையுறைக்குள் விரல்கள் வியர்த்தன.

அப்போது மூன்றாம் மாடி அங்கிள் படியிறங்கி வந்தார். தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பந்தைக் குனிந்து எடுத்தார்.

“யாரும் இல்லம்மா. எம் பேத்தி மேலேருந்து போட்டுட்டா. வர விடு.”

மார்சிலிங்காரர்கள் சிரித்த சிரிப்பு புளோக் முழுக்கக் கேட்டது. நான் கை தூக்கினேன். கால் விறைத்திருந்த அண்ணன் வளைவிலேயே தடுமாறி, தோற்றுப்போனான்.

அங்கிள் பந்தோடு அங்கேயே நின்றார். சங்கிலி என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“அடுத்த வாரம் பத்து மணிக்கு மேல வாங்க. நா வேலைவிட்டு வந்து படுக்கிற நேரத்துல கடகடன்னு சத்தம் தாங்கல. தூங்கிட்டா இடி விழுந்தாலும் கேக்காது” என்று கோச்சிடம் சொல்லிவிட்டுப் படியேறினார்.

பஸ்ஸில் அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. “ஒரு பந்துக்கு” என்று மட்டும் ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்.

இன்று அங்கே சரிவு இல்லை, அடுக்குமாடிக் கார் நிறுத்தம் நிற்கிறது. அந்த வழியாகப் போனால் எனக்கு நினைவுக்கு வருவது போட்டி அல்ல, அதற்கு அடுத்த ஞாயிறுதான். பத்து மணிக்கு மேல். வளைவில் அண்ணன் முறை. மேலே பலகையில் நான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் கை தூக்கவே இல்லை.

“என்னடா, பழி வாங்குறியா?” என்றேன்.

அவன் திரும்பாமல், தூண் தூணாகக் குனிந்து பார்த்துக்கொண்டே சொன்னான்.

“பாக்குறேன்ல. இரு.”